மணியக்காரர் கை நனைத்த இடம்

பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சு முடிவதற்கு முன்னால் கை நனைப்பதில்லை. சங்கராபுரத்துக்கு மேற்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. காபி குடிக்கலாம், தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால், சம்பந்தம் சரி என்று வாய் திறந்து சொன்னதாகவே அர்த்தம். மற்ற வீடுகளில் இதை வழக்கம் என்பார்கள். மணியக்காரர் வீட்டில் சட்டம் என்பார்கள். அந்த வீட்டார் காபியும் தொட மாட்டார்கள், தண்ணீரும் தொட மாட்டார்கள்.

நாராயணசாமியின் தாத்தா மணியம் பார்த்தவர். அப்பாவும் மணியம் பார்த்தவர். அந்தப் பதவியை அரசாங்கம் ஒழித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது உண்மைதான். அது அரசாங்கத்தின் சங்கடம். நாராயணசாமி தெருவில் இறங்கினால் இன்றைக்கும் "மணியக்காரர் வராரு" என்றுதான் சொல்கிறார்கள். சொல்லாதவர்கள் அவர் கண்ணில் படும்படி நிற்பதில்லை.

கை நனைக்கும் விஷயத்தில் அவர் கொடுத்த தீர்ப்பு ஒன்று சின்னசேலம் வரைக்கும் பேர் போனது. ஒரு மாப்பிள்ளையின் அப்பா, பெண் வீட்டில் இரண்டு உளுந்து வடை தின்றுவிட்டு வந்தார். அடுத்த வாரமே அதைவிட வசதியான இடம் ஒன்று வரவும், வடை எப்படிச் சோறாகும் என்று பின்வாங்கப் பார்த்தார். பஞ்சாயத்து கூடியது. நாராயணசாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உப்பு உள்ள போச்சா, போவலியா?"

"போச்சுங்க."

"அப்ப முடிஞ்சி போச்சு. பந்தக்காலு நடுங்க."

கல்யாணம் நடந்தது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இன்றுவரை தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரே மகன் பிரவீன்குமாருக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பையனிடம் குறை ஒன்றும் கிடையாது. பொறியியல் படித்தான், சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான், பிறகு திரும்பி வந்து மரவள்ளியும் கரும்பும் போட்டு நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். வந்த இடங்களை எல்லாம் நாராயணசாமிதான் தட்டிவிட்டார். தியாகதுருகத்துப் பெண்ணின் அப்பா இவர்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் உடனே எழவில்லை. திருக்கோவிலூரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கள்ளக்குறிச்சியில் பெண்ணின் அம்மா இவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டாள்.

சமீப காலமாக நிலைமை தலைகீழாக மாறியிருந்தது அவருக்குத் தெரியாது. விவசாயம் பார்க்கிற பையன் என்றதும் பெண் வீட்டார்தான் முதலில் தட்டினார்கள். அவருடைய மனைவி அம்சவள்ளி, "ஜாதகம் பொருந்தலயாங்க" என்று சொல்லி அதை மூடி வைத்துவந்தாள். அந்த வட்டாரத்தில் இத்தனை ஜாதகங்கள் ஒரே பையனுக்குப் பொருந்தாமல் போவது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. தம் வீட்டு ஜாதகம் உயர்ந்த ஜாதகம், லேசில் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டார்.

தை பிறந்ததும் அம்சவள்ளியின் தம்பி அன்புச்செல்வன் ஒரு இடம் கொண்டுவந்தான்.

"மரக்காணம் பக்கம் மாமா. நம்ம ஆளுங்கதான். அப்பா உப்பளம் வெச்சிருக்காரு. பொண்ணு பேரு தேவிப்ரியா. எம்மெஸ்ஸி படிச்சிட்டு, கடலோரமா கழிவெளின்னு உப்புத்தண்ணி ஏரி, அங்க ஒரு பூங்கா இருக்குது, அதுல பறவைங்கள எண்ற வேல."

"இன்னா வேல?"

"பறவைங்கள எண்றது மாமா."

"எண்ணி?"

"எழுதி வெப்பாங்க."

"எழுதி?"

அன்புச்செல்வன் அதற்கு மேல் விசாரித்து வந்திருக்கவில்லை. "அடுத்த வருசமும் எண்ணுவாங்க மாமா," என்றான்.

உப்பு விற்கிறவன் வீடு என்பதை நாராயணசாமி ஒருவாறு விழுங்கிக்கொண்டார். ஆனால் அடுத்து வந்தது விழுங்கக்கூடியதாக இல்லை. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கியிருக்கிற மாதம், கணக்கெடுப்பு நடக்கிறது, பெண்ணால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது, அதனால் பூங்காவுக்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பொண்ணு பாக்க வரவன பார்க்குக்கு வரச் சொல்றானா? நாம இன்னா சுண்டல் விக்கவா போறோம்?"

அம்சவள்ளி உள்ளேயிருந்து வந்தாள். "ஏங்க, கோயில்ல பாக்கறாங்க, ஓட்டல்ல பாக்கறாங்க. பார்க்குல பாத்தா இன்னா கொறஞ்சி பூடும்? இதையும் நீங்க தட்டினா, உங்க புள்ளைக்கு நேரா அறுபதாங் கல்யாணந்தான் பண்ணணும்."

நாராயணசாமி இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பூங்காவோ காடோ, வாசல் என்று ஒன்று இருக்குமல்லவா? அந்த வாசலில் பெண் வீட்டுப் பெரியவர்கள் நின்று கை கூப்பி அழைக்க வேண்டும். அழைக்கவில்லை என்றால் வந்த வழியே வண்டியைத் திருப்பிவிடுவார்.

"சொல்லிடறேன் மாமா," என்றான் அன்புச்செல்வன். அவன் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடமும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் போன்ற தொல்லைகளுக்கெல்லாம் இடம் கொடுக்காமல், இட்லி வேகும் முன்பே கிளம்பினார்கள். பிரவீன்குமார் கார் ஓட்டினான். கல்வராயன் மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. விழுப்புரத்தில் ஓட்டல் முன்னால் நிறுத்தி மூன்று பேரும் பொங்கல் சாப்பிட்டார்கள். நாராயணசாமி இறங்கவில்லை. ஓட்டலில் எவன் பக்கத்தில் உட்கார நேருமோ, யார் கண்டது?

பூங்கா வாசலில் அவர்களை யாரும் கை கூப்பி அழைக்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் கையை நீட்டினாள்.

"பிளாஸ்டிக் இருந்தா குடுத்துடுங்க ஐயா."

தண்ணீர் பாட்டில்கள் போயின. அம்சவள்ளி மடியில் வைத்துக் காப்பாற்றி வந்த பழத்தட்டு, பூத்தட்டு, மலைத்தேன் வைத்த தட்டு எல்லாம் கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டியவை. காவலாளிப் பெண் அந்தத் தாளை ஒவ்வொன்றாக உரித்தாள். உரித்த பிறகு மணியக்காரர் வீட்டுச் சீர்வரிசை, சந்தையில் மிச்சம் விழுந்த வாழைப்பழம் மாதிரி இருந்தது. தட்டுகளையெல்லாம் பார்த்துவிட்டு அவள், "உள்ள பறவைங்களுக்கு எதுவும் போடக் கூடாதுங்க," என்றாள்.

பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தி வர வேண்டாம் என்றது. அம்சவள்ளி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். சத்தம் போட வேண்டாம் என்றது. அன்புச்செல்வன் கூட வந்திருந்தான். வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடந்தோ மிதிவண்டியிலோதான் போக வேண்டும் என்றது.

"எங்கடா உன் சம்பந்தி வூட்டுக்காரங்க?"

"உள்ள பறவ பாக்கற கோபுரத்துல இருக்காங்களாம் மாமா. எண்ணிக்கினு இருக்காளாம். பாதியில எறங்க முடியாதாம். நம்மள வரச் சொல்லி பிரவீனுக்கு மெசேஜ் வந்திச்சி."

நாராயணசாமி அங்கவஸ்திரத்தை ஒரு தட்டுத் தட்டித் தோளில் போட்டார். அவர் பஞ்சாயத்தை முடிக்கும்போது செய்கிற செய்கை அது.

"போதும். வந்த மரியாதைய வாங்கிக்கினோம். வண்டிய எடுக்கச் சொல்லு."

வண்டியை எடுக்க வேண்டியவன் அங்கே இல்லை. எல்லோரும் கண்ணாடித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிரவீன்குமார் வாடகை மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கார்ச் சாவி அவன் பையில் இருந்தது. பிறந்ததிலிருந்து அப்பாவைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான்.

"நான் உள்ள போறது பொண்ணு பாக்க இல்ல," என்றார் நாராயணசாமி, வாசலுக்கும் மனைவிக்கும் காவலாளிக்கும் பொதுவாக. "என் புள்ளய இட்டாரதுக்கு."

உள்ளே போக மூன்று வழி இருந்தது. பேட்டரி வண்டியில் 'முதியோர், உடல்நலம் குன்றியோர்' என்று எழுதியிருந்தது. அம்சவள்ளி தட்டுகளோடு அதில் ஏறி உட்கார்ந்து, "வாங்க" என்று இடமும் ஒதுக்கினாள். அவர் அந்த எழுத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிதிவண்டியை அன்புச்செல்வன் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் அதையும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கால் தெரிய, எதிரில் எவன் வருகிறான் என்றே தெரியாத இடத்தில் மணி அடித்துக்கொண்டு போவதா? நடந்தே போனார்.

இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மண்வரப்பு. வெயில் ஏறியிருந்தது. நிழலுக்கென்று அங்கே வளர்ந்திருந்தவை இடுப்பு உயரச் செடிகள்தான். அவர் போட்டிருந்தது இந்தப் பயணத்துக்கென்றே கள்ளக்குறிச்சியில் வாங்கிய தோல்செருப்பு. அது ஒவ்வொரு அடிக்கும் கரக் முரக் என்று பேசியது. ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பயன் உண்டு. தெருமுனையில் கேட்டாலே பீடி அணையும்.

வழியில் பையன்கள் சிலர் பாசனக் குழாய் நீளத்துக்குக் கேமராவைப் பிடித்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். அவர் நெருங்கியதும் ஒருவன் தலையை நிமிர்த்தி, உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்ஷ்" என்றான்.

நாராயணசாமி பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவரைத்தான் சொல்லியிருக்கிறான். எழுபது வயதில் அவரைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் சேற்றில் படுத்திருந்தான் என்பதால் அவனிடம் பேசுவது கௌரவம் இல்லை என்று மேலே நடந்தார். இழவு வீட்டில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தார். இறுக்கமான கால்சட்டை போட்ட இரண்டு பேர் மிதிவண்டியில் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர்களும் பேசவில்லை. கையை மட்டும் ஆட்டினார்கள். இத்தனை பேர் காசு கொடுத்து உள்ளே வந்து, பேசாமல் இருந்து, வெளியே போகிறார்கள்.

வரப்பு திரும்புகிற இடத்தில் தண்ணீர் அகன்றது. தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு பெரிய கூட்டம் நின்றது. செருப்பு இரண்டு அடி பேசியது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து, வானத்தில் ஒரு புடவையை உதறியது போலப் பறந்து போனது. அவர் வரும்போது எழுந்திருப்பது எங்கேயும் நடக்கிற காரியம்தான். பறவைகளும் எழுந்ததில் அவருக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் தலை சுற்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. மகனைக் கண்டுபிடிக்கும் முன் இந்தச் சேற்றோரத்தில் மயங்கி விழுந்தால், மணியக்காரர் பெண் பார்க்கப் போன இடத்தில் விழுந்தார் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சு சாவைவிட மோசம். பக்கத்தில் மூங்கில் தட்டியடித்த குடிசை ஒன்று தெரிந்தது. உள்ளே நுழைந்தார்.

அது பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கிற குடிசை. சுவரில் கண் உயரத்துக்கு நீளமாக ஒரு திறப்பு, அதன் முன்னால் ஒரு பலகை. பலகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். வெளுத்துப்போன சேற்று நிறச் சட்டை, அரைக்கால் சட்டை, தலையில் துணித்தொப்பி, கழுத்தில் பைனாகுலர். சுவரில், 'இங்கே பேசக் கூடாது' என்று எழுதியிருந்தது.

ஒருவரைப் பார்த்தால் நாராயணசாமி முதலில் கேட்பது, எந்த ஊர், யார் வீடு என்பதுதான். அது தெரியாமல் அவர் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. வாயைத் திறந்தார். அந்த ஆள் மரியாதையாகச் சுவரைக் காட்டினார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவனாக இருப்பான் என்று முடிவு செய்துகொண்டார். அரைக்கால் சட்டையும் அந்த நிமிர்வும் அதற்குப் பொருத்தமாக இருந்தன. அந்த ஆள் இவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், குனிந்து துணிப்பையிலிருந்து எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்து, ஒரு தம்ளர் நீர்மோர் ஊற்றி நீட்டினார்.

நாராயணசாமி யோசித்தார். இது பெண் வீடு இல்லை. யார் வீடுமே இல்லை. மூங்கில் தட்டி. பஸ்ஸில் பக்கத்து ஆள் தண்ணீர் கொடுத்தால் சம்பந்தமா ஆகிவிடுகிறது? குடித்தார். இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட மோர். இன்னொரு தம்ளர் வந்தது. அதையும் குடித்தார்.

அந்த ஆள் பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். திறப்பு வழியாகப் பார்த்தபோது, கூட்டத்தோடு பறந்து போகாமல் தங்கிவிட்ட பூநாரை ஒன்று தெரிந்தது. கால் இரண்டும் நெட்டுக்குத்தாக, யாருக்கும் வளையாமல் நின்றன. தலையை மட்டும் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீருக்குள் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தது. இவ்வளவு உயரமான காலை வைத்துக்கொண்டு இது என்ன பிழைப்பு என்று அவருக்கு அதன்மேல் கொஞ்சம் வருத்தம் வந்தது.

பைனாகுலரைத் திருப்பித் தரும்போது, டிபன் டப்பா திறந்திருந்தது. எலுமிச்சைச் சோறு. வேர்க்கடலை போட்டு, கடுகு தாளித்து, மஞ்சளாக, பொலபொலவென்று. மூடியில் பாதியைத் தள்ளி, ஓரத்தில் மாவடு ஒன்றை வைத்து, அந்த ஆள் பேசாமல் அவர் முன்னால் நகர்த்தினார்.

பட்டாளத்தான் சோறு எல்லோருக்கும் பொது. பார்க்கவும் யாரும் இல்லை. நாராயணசாமி கை கழுவினார், பிசைந்தார், சாப்பிட்டார். மீதிப் பாதியும் மூடிக்கு வந்தது. அதையும் சாப்பிட்டார். அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று தோன்றியபோது டப்பா காலியாக இருந்தது. கை கழுவிக்கொண்டு, நீண்ட நாளைக்குப் பிறகு, தன்னிடம் எதுவும் கேட்காத ஒருவர் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

வெளியே மிதிவண்டிகள் நின்றன. முதலில் ஒரு பெண் உள்ளே வந்தாள். அவளும் சேற்று நிறச் சட்டைதான் போட்டிருந்தாள். பின்னால் பிரவீன்குமார். அதற்குப் பின்னால் அன்புச்செல்வன், அம்சவள்ளி, தட்டுகள்.

"அப்பா," என்று அந்தப் பெண் பலகையில் இருந்தவரைப் பார்த்து மெதுவான குரலில் சொன்னாள், "மாமாவக் காணம்னு தேடிக்கினு இருந்தோம். உங்ககூடத்தான் இருக்காங்களா?"

நாராயணசாமி அரைக்கால் சட்டையைப் பார்த்தார். அரைக்கால் சட்டை எழுந்து நின்று, கை கூப்பி, அடித்தொண்டையில் பேசியது. "வாங்க சம்பந்தி. நான் வெங்கடேசன்."

"நீங்க... தெரிஞ்சேவா?"

"வரப்புல வரும்போதே தெரிஞ்சிது. ஆனா இங்க பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குதே."

அம்சவள்ளி கணவரின் மீசையை உற்றுப் பார்த்தாள். அதில் ஒரு மஞ்சள் பருக்கை ஒட்டியிருந்தது. அவள் பார்வை மூடிக்குப் போனது, மாவடுக் கொட்டைக்குப் போனது, திரும்ப மீசைக்கு வந்தது.

"இன்னாங்க, கை நனைச்சிட்டீங்களா?"

அன்புச்செல்வன் மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷத்தில் அவன் குரல் கட்டுக்குள் நிற்கவில்லை. "மாமா! இது வடையில்ல மாமா. சோறு! ஒரு பருக்க மிச்சம் வெக்கல!"

மறுத்துப் பேச நாராயணசாமிக்கு ஆயிரம் வழி இருந்தது. வீடு இல்லை, இலை இல்லை, அழைப்பு இல்லை, யார் என்று தெரியாது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் குரலிலேயே பதில் வந்தது. உப்பு உள்ளே போச்சா, போகலையா? சின்னசேலம் வரைக்கும் பேர் போன தீர்ப்பு. அதை அவரே மாற்றினால் அந்த வடைக் குடும்பம் நாளைக்கே அவர் வாசலில் வந்து நிற்கும்.

அங்கவஸ்திரத்தைத் தட்டித் தோளில் போட்டார்.

"ஆவட்டும். நமக்குச் சம்மதம்."

"எனக்கு இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்க மாமா," என்றாள் தேவிப்ரியா.

அன்புச்செல்வன் மூடியை மெல்லப் பலகையில் வைத்தான்.

நாராயணசாமி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் அறிந்த வரையில், மாப்பிள்ளை வீடு சரி என்றால் சரி. அவர் கை நனைத்தாகிவிட்டது. இனி இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மணியக்காரர் சோற்றையும் தின்றுவிட்டு, பெண்ணும் கிடைக்காமல் திரும்பினார் என்று ஆகும். பரம்பரையில் அப்படி நடந்ததில்லை. காலையில் வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடி வந்தவர், இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா?" என்றார். கேட்கும் குரல் அவருக்கே புதியதாக இருந்தது. "பையன் எதுனா தப்பா பேசிட்டானா?"

"அவரு பேசவே இல்ல மாமா. ஒரு மணி நேரமா நான் சொல்லச் சொல்ல எழுதிக்கினு நின்னாரு. அது புடிச்சிருந்திச்சி." அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குப் பேசாமல் நிற்பது ஒரு கஷ்டமே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. "எண்ணி முடிக்கற நேரத்துல கூட்டம் பூரா கெளம்பிடுச்சி. அது எறங்கி, எண்ணி முடிக்கற வரைக்கும் எனக்கு வேற எதுவும் யோசன ஓடாது."

"எது கெளப்பிச்சி?" என்றான் அன்புச்செல்வன்.

"யாரோ கரக் முரக்னு செருப்பு போட்டுக்கினு வந்தாங்களாம்."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். புதுச்செருப்பு வாசல் வெளிச்சத்தில் பளபளத்தது. நாராயணசாமி கால்களை மெல்லப் பலகைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டுப்புடவை, வேட்டி, வாழைப்பழம், பூ, மலைத்தேன் எல்லாம் ஒரு பலகையில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வானத்தில் தூரத்தில் ஒரு ரோஜாக் கோடு வந்தது, சுற்றியது, போய்விட்டது. மறுபடி வந்தது. அன்புச்செல்வன் செருமினான்.

"ஷ்ஷ்ஷ்," என்றார் நாராயணசாமி, உதட்டில் விரல் வைத்து. "வாய மூட்றா. எறங்குது."

இறங்கின. முதலில் பத்துப் பதினைந்து, பிறகு மொத்தமும். எண்ணி முடிக்கும் வரை அவர் மூச்சை அளந்து விட்டார். இவ்வளவு நேரம் எவர் முடிவுக்காகவும் அவர் பேசாமல் காத்திருந்ததில்லை. தேவிப்ரியா எண்ணைச் சொன்னாள், பிரவீன்குமார் எழுதினான். அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். அவன் மூடியைப் போட்டுக் கொடுத்தான். அவள் சிரித்தாள்.

"எனக்குச் சரிப்பா," என்றாள் வெங்கடேசனிடம். "ஆனா தை, மாசி, எண்ற மாசமெல்லாம் நான் இங்கதான் இருப்பேன். கல்வராயன் மலைக்கு இவங்க எல்லாம் வர மாட்டாங்க." இவர்கள் என்று அவள் காட்டியது பறவைகளை.

"இரும்மா, இரு," என்றார் நாராயணசாமி, யாரும் கேட்பதற்கு முன்னால். "யாரு வேணாம்ன்றது?"

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. திரும்பப் போறப்ப அந்தச் செருப்ப மட்டும் கழட்டிக்கினு போவீங்களா? மறுபடியும் கெளம்பிடும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது அவர்கள் தெருவில் யார் யார் அப்படி நடந்தார்கள், யாருக்குப் பயந்து நடந்தார்கள் என்பதும் தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை. குனிந்து கழற்றினார். கையில் பிடித்தார். நாலு அடி வைத்ததும் சூடு சுட்டது. சேற்றில் படுத்திருந்த கேமராப் பையன் இப்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அன்புச்செல்வன் மிதிவண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் கூடை இருந்தது. நாராயணசாமி சுற்றும் பார்த்தார். செருப்பைக் கூடைக்குள் போட்டு, அதன்மேல் அங்கவஸ்திரத்தைப் போர்த்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பேட்டரி வண்டியிலிருந்து அம்சவள்ளி, "பாத்துங்க, பாத்துங்க," என்று கத்த நினைத்து, பலகை ஞாபகம் வந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

திண்டிவனம் தாண்டியதும் நாராயணசாமி பேச ஆரம்பித்தார். குடிசைக்குள் நுழையும்போதே ஆளைப் பார்த்து எடை போட்டுவிட்டதாகவும், நல்ல குடும்பம் என்று தெரிந்துதான் கை நனைத்ததாகவும், பிறத்தியார் யோசித்து முடிப்பதற்குள் மணியக்காரர் வீட்டார் முடிவு எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். விழுப்புரம் வருவதற்குள் அது அவருக்கே உண்மையாகிவிட்டது. பிரவீன்குமார் வழக்கம்போலப் பேசாமல் ஓட்டினான். ஆனால் கண்ணாடியில் அவன் முகம் வழக்கம்போல இல்லை.

"அது கெடக்கட்டும்," என்றாள் அம்சவள்ளி. "சோறு எப்படி இருந்திச்சி?"

எந்த வீட்டுச் சாப்பாட்டையும் முழுதாகப் புகழ்ந்து அவருக்குப் பழக்கமில்லை. "பரவால்ல. உப்பளம் வெச்சிருக்கறவன் வூட்டுச் சோறுன்னு பேரு. உப்பு கம்மி."

அம்சவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "அப்பவே சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாமே. உப்பு உள்ள போவலன்னு."

கார் திருக்கோவிலூர்ப் பாலம் ஏறி இறங்கியது. மேற்கே கல்வராயன் மலை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது, நாராயணசாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்ப கம்மின்னு சொல்ல முடியாது," என்றார். "போதுமான உப்பு இருந்திச்சி."